தேசவழமையில் உடன்பிறப்பு: யாழ்ப்பாணத்துக் குழந்தைப்பருவ வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஒல்லாந்தர் ஆட்சியிலே யாழ்ப்பாணத்தின் திசாவையாக விளங்கிய கிளாஸ் ஐசாக்ஸ் என்பார், தேசாதிபதி கொர்னேலிஸ் யோவான் சிமோன்சின் கட்டளைப்படி, இப்பகுதித் தமிழரின் வழமைகளைத் தொகுத்து 1707ஆம் ஆண்டு சனவரி மாதத்திற் சமர்ப்பித்தார். டச்சு மொழியில் அமைந்த அத்தொகுப்பு தமிழிலே பெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலிமாரின் பார்வைக்கு வைக்கப்பட்டது. அவர்தம் உடன்பாடும் பெறப்பட்டது. பின்னர் ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தின் வாயிலாக அதற்குச் சட்டவலு அளித்தனர். தேசவழமை என வழங்கும் சட்டத் தொகுதி இதுவேயாகும்.

தேசவழமையை நில உரிமை, முன்வாங்கலுரிமை, ஈடு, ஒற்றி முதலிய பொருளாதார விடயங்களுக்காக ஆராய்ந்தோர் பலர். சாதியமைப்பை விளங்கிக்கொள்வதற்காக அதனை நோக்கியோரும் உளர். எனினும், அந்நூலின் முதற்பகுதி முழுவதும் ஒரு வீட்டிற் பிறந்த பிள்ளைகளைப் பற்றியது என்பது போதிய அளவு கவனிக்கப்படவில்லை. ஒரு தாய் வயிற்றிற் பிறந்த ஆணும் பெண்ணும் எதனை, எப்பொழுது, யாரிடமிருந்து பெறுவர் என்பதே அப்பகுதியின் கேள்வி. சொத்துப் பற்றி எழுந்த அக்கேள்விக்குள்ளே அக்காலத்துக் குழந்தைப்பருவத்தின் உருவமும் அடங்கிக் கிடக்கின்றது. அண்ணனும் தங்கையும், அக்காவும் தம்பியும் எவ்வாறு வளர்ந்தனர் என்பதைக் கூறும் நாட்குறிப்புகளோ கடிதங்களோ அக்காலத்திலிருந்து பரவலாகக் கிடைப்பனவல்ல. ஆகவே குழந்தைகளின் உறவை அறியப் புகுவோர் முதியோர் வகுத்த விதிகளின் வழியாகவே அதனை நோக்க வேண்டியவராகின்றனர்.

தேசவழமை சொத்தினை மூவகையாகப் பகுக்கின்றது. கணவன் வழிவந்தது முதுசம். மனைவி கொணர்ந்தது சீதனம். இருவரும் மணவாழ்விற் சேர்த்தது தேடிய தேட்டம். பழைய வழமையின்படி தந்தையின் முதுசம் ஆண்மக்களைச் சேர்ந்தது. தாயின் சீதனத்திலிருந்து பெண்மக்களுக்குச் சீதனம் வழங்கப்பட்டது. தேடிய தேட்டம் இருபாலார்க்கும் பொதுவாயிருந்தது. அதிலேற்படும் பெருக்கம் பெண்பிள்ளைகளின் பங்கிற் சேர்வதற்கு ஆண்பிள்ளைகள் இடங்கொடுத்தல் வேண்டும் என்பதும் அவ்வழமையின் ஒரு கூறாகும். தாய்ச்சொத்து மகளிர் வழியாகவே செல்லும் இவ்வமைப்பிலே மலையாள நாட்டுத் தாய்வழி மரபின் எச்சங்களைக் கண்டனர், தேசவழமையை விரிவாக ஆராய்ந்த எச். டபிள்யூ. தம்பையா போன்றோர்.

இப்பழைய முறையிலே தமையனும் தங்கையும் ஒரே பொருளுக்குப் போட்டியிடும் நிலை பெரிதும் எழவில்லை என்பது நோக்கற்பாலது. அவன் தந்தையின் வழியில் வாரிசு. அவள் தாயின் வழியில் வாரிசு. ஒரே முற்றத்தில் விளையாடிய இருவரும் இரு வேறு வழிகளின் முனைகளிலே நின்றனர்.

போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய 1619ஆம் ஆண்டு முதல் ஒல்லாந்தர் கோட்டையைக் கைப்பற்றிய 1658ஆம் ஆண்டு வரையிலான காலப்பகுதியில் இம்முறை படிப்படியாக மாறியது. அம்மாற்றத்தைப் போர்த்துக்கேயர் ஆட்சியோடு தேசவழமையே தொடர்புபடுத்துகின்றது. முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்னும் வேறுபாடு கருதாது பெற்றோர் எதிலிருந்தும் மகளுக்குச் சீதனம் வழங்கும் வழக்கம் நிலைபெற்றது. அவ்வாறு சீதனம் பெற்ற மகள் அதனோடு அமைதல் வேண்டும். ஆண்மக்கள் இருக்கும்வரை பெற்றோரின் எஞ்சிய சொத்தில் அவளுக்கு உரிமை இல்லை. கொடுக்கப்பட்ட சீதனத்தைப் பத்தாண்டுகளுக்குள் மணமக்கள் தம் கைவசப்படுத்தாவிடின் அதன்மீதான உரிமையும் அற்றுப்போகும். ஆண்மகனோ பெற்றோர் உயிரோடிருக்கும் வரையில் எதனையும் கேட்க இயலாது. அவர்கள் இறந்த பின்னரே எஞ்சியது அவனுக்கு முதுசமாகும்.

இம்மாற்றம் உடன்பிறப்பு உறவிலே ஏற்படுத்திய விளைவு ஆழமானது. முன்னர் இருவரையும் வேறுபடுத்தியது பொருளின் வழி. இப்பொழுது வேறுபடுத்தியது காலம். பெண் முதலிற் பெறுகிறாள், பெற்றதும் வெளியேறுகிறாள். ஆண் கடைசியிற் பெறுகிறான், அதுவரை காத்திருக்கிறான். பெண்ணுக்குக் கொடுத்து எஞ்சியதே ஆணின் பங்காகும். அந்த எஞ்சிய பங்கு எவ்வளவு என்பது அவனுக்கு எத்தனை சகோதரிகள் உளர் என்பதைப் பொறுத்தது. ஆகவே தொட்டிலிற் கிடக்கும் தங்கை ஒருத்தி, தன்னை ஆட்டுகின்ற தமையனின் எதிர்காலத்தை அறியாமலே வரையறுப்பவளானாள். அவனும் தான் அறியாப் பருவத்திலேயே அவளுக்குக் கடன்பட்டவனானான்.

இக்கடன் வெறும் உவமையன்று. மணமாகாத ஆண்மகன் தன் பிரமசரிய காலம் முழுவதிலும் உழைத்துத் தேடியவற்றைக் குடும்பத்தின் பொதுச் சொத்திலே சேர்த்துவிடல் வேண்டும் எனவும், அவன் மணம்புரிந்து தந்தையின் மனையை விட்டு நீங்கிய பின்னரும், பெற்றோர் இறக்கும்வரை, அது அப்பொதுச் சொத்திலேயே இருத்தல் வேண்டும் எனவும் தேசவழமை விதிக்கின்றது. இதற்கு ஒரேயொரு விலக்கு உண்டு. அவன் தானே தேடியோ, பெற்றோர் அளித்தோ தன் மேனியில் அணிந்த பொன் வெள்ளி ஆபரணங்கள் மட்டும் அவனுடையவை. அரைஞாணும் காதணியும் அணிந்த சிறுவன் வளர்ந்து, துலா மிதித்துப் புகையிலைத் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சி ஈட்டிய பொருள் பெற்றோருடையதாயிற்று. அப்பொதுச் சொத்திலிருந்தே அவனுடைய சகோதரியர்க்குச் சீதனம் புறப்பட்டது. அவன் உடலிற் கிடந்த அணி மாத்திரமே அவனுக்கென்று எஞ்சியது.

தேசவழமைக்கு உட்பட்டவர் மணம்புரிவதன் மூலம் பராயமடைந்தவராகக் கருதப்பட்டனர் என்பதையும் இதனோடு சேர்த்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். இங்குக் குழந்தைப்பருவம் வயதினால் அளக்கப்பட்டதொன்றன்று. வீட்டிலே ஒருவர் வகித்த நிலையினால் அளக்கப்பட்டதாகும். பன்னிரண்டு வயதில் மணமுடித்த தங்கை ஒருத்தி பிள்ளை என்ற நிலையைக் கடந்துவிடுவாள். அவளுக்கு மூத்தவனாயினும் மணமாகாத தமையன் பொருளுரிமையைப் பொறுத்தவரையிற் பிள்ளையாகவே இருப்பான். அவளுடைய குழந்தைப்பருவம் குறுகியது, அவனுடையது நீண்டது. இருவரும் ஒன்றாக வளர்ந்த ஆண்டுகள் சிலவேயாயினும், அவ்வாண்டுகளில் ஏற்பட்ட கடப்பாடு அவன் வாழ்நாளின் பெரும்பகுதியைத் தொடர்ந்தது.

விதிகள் இவ்வாறிருக்க, அன்றாட வாழ்விலே குழந்தைகளின் உறவு எவ்வாறு அமைந்தது? யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கே இதற்கு ஒரு சான்றாகும். வயதினைச் சுட்டாது 'சகோதரன்' என அழைக்கும் விளிச்சொல் இங்கு வழக்கில் இல்லை. அண்ணை, தம்பி, அக்கா, தங்கச்சி என மூப்பும் இளமையும் சுட்டியே குழந்தை தன் உடன்பிறந்தாரை அழைக்கக் கற்கின்றது. பெரியக்கா, சின்னக்கா என அம்மூப்பு மேலும் நுணுக்கமாக வகுக்கப்படுகின்றது. மேலும், தந்தையின் சகோதரருடைய பிள்ளைகளும் தாயின் சகோதரிகளுடைய பிள்ளைகளும் உடன்பிறந்தார்க்குரிய முறைப்பெயர்களையே பெறுவர். மாமன் மக்களும் மாமி மக்களுமோ மச்சான், மச்சாள் ஆவர். ஒரே முற்றத்திற் கிளித்தட்டு மறிக்கும் பிள்ளைகளுள்ளும், ஒரே திண்ணையிற் கொக்கான் வெட்டும் சிறுமியருள்ளும், யார் உடன்பிறப்பு, யார் பின்னாளிலே மணவுறவுக்கு உரியவர் என்பது விளிச்சொற்களால் முன்னரே வரையறுக்கப்பட்டிருந்தது. அண்ணனின் பிள்ளையும் தங்கையின் பிள்ளையும் மணம் புரியும்போது, ஒரு தலைமுறையிற் சீதனமாகப் பிரிந்த காணி அடுத்த தலைமுறையில் மீண்டும் ஒன்றுசேர வாய்ப்பு ஏற்பட்டது. உடன்பிறப்பின் பிரிவுக்கு அச்சமூகம் கண்ட பரிகாரம் இது எனலாம்.

உடன்பிறந்த பிள்ளைகளின் நிலை மிகவும் நெருக்கடிக்குள்ளாவது பெற்றோர் இறக்கும்போதாகும். அந்நாளில் மணவாழ்வின் இடையே தாயோ தந்தையோ மறைவது அரிதன்று. தேசவழமை இதற்கென விரிவான விதிகளை வகுத்திருப்பதே அதற்குச் சான்று. தந்தை இறப்பின், தாய் பிள்ளைகளைத் தன்னோடு வைத்து வளர்க்கும் வரையிற் சொத்து முழுவதும் அவள் வசம் இருந்தது. தாய் இறப்பின், தந்தை மறுமணம் புரியாதிருக்கும் வரையில் அவனுக்கும் அவ்வுரிமை இருந்தது. அவன் மறுமணம் புரிந்தாலோ, பாட்டன் பாட்டியர் அல்லது நெருங்கிய உறவினர் பிள்ளைகளை ஏற்று வளர்ப்பது வழக்கம். அவ்வேளையில் இறந்த மனைவியின் சீதனம் முழுவதையும், முதல் மணவாழ்வில் தேடிய தேட்டத்திற் பாதியையும் பிள்ளைகளோடு அவன் ஒப்படைத்தல் வேண்டும். இருவரும் இறந்துவிடின், இருபக்கத்து உறவினரும் ஒன்றுகூடி, பிள்ளைகளை யாரிடம் ஒப்புவிப்பது எனக் கலந்து தீர்மானித்தனர். ஒப்படைக்கப்பட்ட பொருள்களுக்கு ஓலையிற் கணக்கு எழுதப்பட்டது.

இவ்விதிகளிலே கவனிக்கத்தக்கது, பொருள் பிள்ளைகளைத் தொடர்ந்து செல்வதாகும். தாயை இழந்த அக்காவும் தம்பியும் மற்றொரு வீட்டின் சோற்றுக்கு ஏங்கி நிற்கும் ஏதிலிகளாக அன்றி, தமக்குரிய பங்கோடு பாட்டனின் மனைக்குச் சென்றனர். சிற்றன்னையின் கொடுமை பற்றிய கதைகள் மலிந்த ஒரு சமூகம், தன் சட்டத்தில் அக்கொடுமைக்கு முன்கூட்டியே ஒரு தடுப்பை அமைத்துக்கொண்டது. ஆயினும் அத்தடுப்புக்கு ஒரு விலையும் இருந்தது. மறுமணத்திற் பிறக்கும் பிள்ளைகளும் முதற்றாரத்தின் பிள்ளைகளும் ஒருவரையொருவர் அறியாது வேறு மனைகளில் வளரும் நிலைமை அதனாலேயே தோன்றியது. ஒரு தாய் மக்களின் உரிமையைக் காத்த விதி, ஒரு தந்தை மக்களின் உறவைத் தளர்த்தியது.

உடன்பிறந்தாரின் உரிமை முதியவராகிய பின்னரும் நீடித்தது என்பதற்குத் தத்தெடுத்தல் பற்றிய விதி சான்று பகரும். ஒருவர் பிள்ளையொன்றைத் தத்தெடுக்கும்போது, வாரிசுரிமையுள்ள அவருடைய சகோதர சகோதரியர் மஞ்சள் நீரில் விரல் தோய்த்துத் தம் சம்மதத்தைத் தெரிவித்தல் வேண்டும். அவ்வாறு சம்மதியாதவரின் பங்குரிமை அற்றுப்போகவில்லை. ஒரே முற்றத்திற் கழிந்த சிறுபராயம் முதுமை வரையிலும் சட்டத்தின் முன் பேசியது என்பதை அம்மஞ்சள் நீர் காட்டுகின்றது.

இவ்வளவும் சொத்துடையோரின் பிள்ளைகளைப் பற்றியது. தேசவழமை அடிமைகளைப் பற்றியும் விரிவாகப் பேசுகின்றது. அடிமைப் பெண்ணின் பிள்ளைகள் அவளுடைய எசமானுக்கே உரியவர் என்பது அதன் விதி. அடிமைகள் சொத்தாக எண்ணப்பட்டமையால், காணியும் நகையும் போல அவர்களும் சீதனத்தில் இடம்பெற்றனர். எசமானின் இரு புதல்வியர் இரு வேறு ஊர்களுக்கு மணமாகிச் செல்லும்போது, அவர்தம் சீதனத்தோடு ஓர் அடிமைத் தாயின் இரு பிள்ளைகளும் இரு திசைகளிற் பிரிக்கப்படுவதற்கு இடமிருந்தது. எசமானின் வீட்டிலே தமையன் தங்கைக்குப் பட்ட கடனை அடைப்பதற்கு, மற்றொரு தமையனும் தங்கையும் பிரிக்கப்படலாம் என்பதை மறந்து தேசவழமையின் நீதியைப் போற்றுதல் பொருந்தாது. 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இலங்கையில் அடிமைமுறையை ஒழித்த பின்னரே அக்குடும்பங்களின் பிள்ளைகளுக்கு உடன்பிறப்பு என்பது பிறர் கலைக்க முடியாத உறவாயிற்று. உடன்பிறப்புப் பாசம் எல்லார்க்கும் இயல்பு. அதனைக் காத்துக்கொள்ளும் உரிமையோ எல்லார்க்கும் கிட்டவில்லை.

19ஆம் நூற்றாண்டிற் கல்வி இவ்வுறவிலே புதியதொரு வேறுபாட்டைப் புகுத்தியது. 1816ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திற் பணியைத் தொடங்கிய அமெரிக்க மிஷன், 1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையில் ஆண்களுக்கான செமினரியையும், 1824ஆம் ஆண்டில் உடுவிலிற் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையையும் நிறுவியது. ஓராண்டு இடைவெளியில் இரண்டும் தோன்றினும், ஆண்பிள்ளையை அனுப்பிய பெற்றோர் பெண்பிள்ளையை அனுப்பத் தயங்கினர். உடுவிலிற் கற்று மணம்புரியும் மாணவியர்க்கு மிஷனே ஒரு சிறு சீதனத்தை அளித்து ஊக்க வேண்டியிருந்தது. வீட்டின் பொதுச் சொத்தும் தமையனின் உழைப்பும் ஆற்றிவந்த கடமையைப் பாடசாலையொன்று தன்மேல் ஏற்றுக்கொண்டது என்பது சீதன வழக்கத்தின் வலிமையை நன்கு உணர்த்தும். அண்ணன் ஏட்டைப் படிக்க, தங்கை அடுக்களையிலிருந்து கேட்கும் நிலை பல வீடுகளில் நெடுங்காலம் நீடித்தது. சொத்திலே தங்கைக்கு முதலிடம் கொடுத்த சமூகம் கல்வியில் அண்ணனுக்கே முதலிடம் கொடுத்தது. சீதனம் அவளுக்குரிய பங்கு எனக் கருதப்பட்டமையால், கல்வி அவனுக்குரிய பங்காக எண்ணப்பட்டது போலும்.

அக்கல்வி பெற்ற இளைஞர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மலாய நாட்டின் புகையிரதப் பகுதியிலும் அரசாங்க அலுவலகங்களிலும் பணிபுரியச் சென்றனர். மணமாகாத மகனின் உழைப்புப் பொதுச் சொத்துக்கே உரியது என்ற பழைய விதியின் சட்டவலு தளர்ந்த பின்னரும் அதன் பொருள் மாறவில்லை. துலா மிதித்த தமையனின் இடத்திலே காசுக்கட்டளை அனுப்பும் தமையன் வந்தான். 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டமும் 1947ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கத் திருத்தச் சட்டமும் சொத்து விதிகளைப் பெரிதும் மாற்றியமைத்தன. எனினும் சகோதரியர் கரைசேருமுன் தான் மணம் புரிதல் தகாது என்ற எண்ணத்தை எந்தச் சட்டமும் விதிக்கவில்லை. எந்தச் சட்டமும் நீக்கவும் இல்லை. 1983ஆம் ஆண்டுக்குப் பின்னர் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் இடம்பெயர்ந்த இளைஞர் பலரிடத்தும் அவ்வெண்ணமே தொடர்ந்தது.

மட்டக்களப்பு வழமையோடு ஒப்பிடும்போது இது மேலும் தெளிவுறும். 1876ஆம் ஆண்டிற் கிறிஸ்தோபர் பிரிட்டோ நூலாக வெளியிட்ட முக்குவர் சட்டத்தின்படி ஆணொருவனின் முதுசத்துக்கு அவனுடைய சகோதரியின் பிள்ளைகளே உரியவராயினர். அங்குத் தமையன் தங்கைக்குக் கொடுத்து அனுப்பிவிடுபவன் அல்லன். தன் முதுசத்தையே அவள் வயிற்றுப் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்பவன். அதே ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தினால் அவ்வழமை சட்டவலு இழந்தபோதிலும், மனையைப் பெண்மக்களுக்கே அளிக்கும் வழக்கம் கிழக்கில் நிலைத்தது. யாழ்ப்பாணத்திலோ தாய்மாமன் சடங்குகளில் முதன்மை பெற்றானேயன்றிச் சொத்தின் வழியில் அத்தகைய இடத்தைப் பெறவில்லை. உடன்பிறந்தாரிடையே உள்ள அன்பு எங்கும் ஒன்றாயினும், அது பாயும் வாய்க்கால் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றது.

யாழ்ப்பாணத்துத் திருமணச் சடங்கில் இவ்வுறவின் வரலாறு முழுவதும் சுருங்கி நிற்கின்றது. மணமகளின் சகோதரன் தோழனாக நின்று மணமகனின் பாதங்களை நீரால் அலம்பி வரவேற்கின்றான். மணமகன் அவனுக்கு மோதிரம் அணிவிக்கின்றான். பெரும்பாலும் இளஞ் சிறுவனொருவனே இச்சடங்கை ஆற்றுகின்றான். நேற்று வரை தன்னோடு சண்டையிட்டு விளையாடிய அக்காவை மற்றொருவனிடம் ஒப்புவிக்கும் செயல் அது என்பது அச்சிறுவனுக்கு விளங்காதிருக்கலாம். பொதுச் சொத்திற் சேரும் உழைப்பிலே தன் மேனியில் அணிந்த அணி மட்டுமே ஆண்பிள்ளைக்குரியது என்ற பழைய விதியோடு அம்மோதிரத்தை ஒப்புநோக்கின், சடங்கின் பொருள் ஓரளவு தெளிவாகும்.

தேசவழமை உடன்பிறப்புப் பாசத்தைப் பொருளாதாரக் கணக்காகக் குறுக்கிவிட்டது எனக் கூறுவார் உளர். அப்பாசம் இயற்கையானது, சட்டத்துக்கு அப்பாற்பட்டது எனப் புகழ்வாரும் உளர். இவ்விரு கூற்றும் முழுமையானவை அல்ல. சட்டம் பாசத்தைப் படைக்கவில்லை. ஆயின் அப்பாசத்தின் மீதே தன் சுமையை ஏற்றியது. தமையன் பல்லாண்டு மணம்புரியாது உழைப்பான் என்ற நம்பிக்கை இன்றி அவ்வமைப்பு இயங்கியிராது. சீதனம் பெற்ற தங்கை பெற்றோரின் எஞ்சிய சொத்தைக் கேட்டு வழக்காடமாட்டாள் என்ற நம்பிக்கையும் அதற்கு இன்றியமையாததாயிற்று. அந்நம்பிக்கைகள் வளர்ந்த இடம் நீதிமன்றமன்று, குழந்தைப்பருவமே. ஆகவே தமையனின் தியாகத்தைப் பாடுவோர் தங்கை கைவிட்ட உரிமையையும் எண்ணுதல் வேண்டும். தங்கையின் இழப்பைப் பேசுவோர் தமையன் காத்திருந்த ஆண்டுகளையும் மறத்தல் ஆகாது.

யாழ்ப்பாணத்து வீடுகளிற் பேணப்பட்ட சீதன உறுதிகளும், மலாயாவிலிருந்து வந்த கடிதங்களும் போரினாலும் இடப்பெயர்வினாலும் பெருமளவில் அழிந்தன. எஞ்சியவற்றைச் சொத்துக்குச் சான்றாக மட்டும் அன்றி, ஒரு முற்றத்தில் ஒன்றாக வளர்ந்து பிரிந்த பிள்ளைகளின் வரலாற்றுக்குச் சான்றாகவும் படித்தல் வேண்டும். ஓர் உறுதியில் எழுதப்பட்ட பரப்புக் கணக்கின் பின்னால், அக்காணியைப் பெற்றுச் சென்ற சகோதரி ஒருத்தியும், அதனை விட்டுக்கொடுத்து வீட்டிலே எஞ்சி நின்ற சகோதரன் ஒருவனும் இருக்கின்றனர்.